மடவை மீனுக்கு மருத்துவச்சி

சேசு மரி சூசை துணை

திண்டிவனம்
1937, ஆடி மாதம்

பினாங்கிலிருக்கும் மகன் இருதயராஜுக்கு அம்மா சவுரியம்மாள் ஆசீர்வதித்துச் சொல்லியனுப்பும் கடிதம். அம்மாவுக்கு எழுத்து வராது, எனக்கு வாய் நிற்காது, ஆகையால் அவள் சொல்ல உன் தங்கை பூமாலை எழுதுகிறேன். இவ்விடம் அம்மா, அப்பா, எருமை, தெருக் குட்டையிலிருக்கும் மீன்கள் சகலரும் சுகம். நான் சுகமா என்பதை முழுக் கடிதத்தையும் படித்துவிட்டு நீயே சொல். அவ்விடம் நீயும் வெள்ளையம்மாள் அண்ணியும் அண்ணி வயிற்றில் குடியிருக்கிறவரும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறோம்.

உன் கடிதம் வந்து சேர்ந்தது. தாயில்லாத பெண்ணைத் தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும், ஆனால் கப்பல் ஆட்டம் அவளுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்கிறார், அங்கேயே பெற்றுக்கொள்ள அம்மா உத்தரவு தருவாளா, இல்லை சீட்டு எடுக்கவா என்று கேட்டிருந்தாய். வாசித்துக் காட்டினேன். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "பேரு வாயில நொழையாத ஊருல என் பேரப்புள்ள பொறக்கறதா, ஜல்தியா வந்து சேரச் சொல்லி எழுதுடி" என்றாள். அப்படியே எழுதினேன். அந்தக் கடிதம் உனக்கு வரவில்லையே என்று யோசிப்பாய், குறுக்கே மீன் வந்துவிட்டது அண்ணா, அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

ஊர் ஏரி வற்றி மீன் அள்ளும் நாளில் நம் தெருக்காரர்கள் கரையில் நின்று வேடிக்கை பார்க்கத்தான் அனுமதி என்பது நீ அறிந்ததே. அதனால் நம் குட்டையிலேயே மீன் விட்டால் என்ன என்று, நீ கப்பலேறிய மறு வருஷம் அப்பாவுக்குத் தோன்றியது. மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் நம் சின்னக்கண்ணு மாமா அங்கே கழுவெளி என்கிற உப்பங்கழியில் மடவைக் குஞ்சு பிடித்துக் கொடுத்தார், பானை பானையாக வண்டியில் ஏற்றி வந்தோம். அப்பா ஒவ்வொரு குஞ்சாகப் பார்த்துப் பொறுக்கினார், நடுவே பட்டை பட்டையாகக் கோடு போட்ட தட்டை மீன் ஏதாவது வந்தால் கழிசடை என்று தூக்கி எறிந்தார். அப்பாவின் முகம் எப்படிப் போகிறது பார்க்கலாமே என்று, எறிந்ததில் ஒரு கை அள்ளி நான் பானைக்குள் திரும்பப் போட்டேன். குட்டையில் கவிழ்க்கும்போது கண்டுபிடித்து என் தலையில் ஒரு குட்டு வைத்தார். "சாவட்டும் உடு, நல்ல தண்ணியில எங்க பொழைக்கப்போவுது" என்று விட்டுவிட்டார்.

மீன் விட்ட அன்று தெருக் கூட்டத்தில் நான் ஒரு பிரசங்கம் செய்தேன். ஒரு மடவையின் சினையில் கேப்பையைக் கொட்டி வைத்தது போல முட்டை, அதைப் பெருக்கினால் இரண்டே மழையில் திண்டிவனம் சந்தையில் மீன் வாங்க ஆள் இருக்காது, ஆகவே தாய் மீனை யாரும் தொடக்கூடாது என்றேன். கணக்கில் நான் எடுக்கும் மார்க்கு தெரிந்த வாத்தியார் அங்கே இல்லாததால் எல்லோரும் நம்பினார்கள். அண்ணா, அத்தனை பேரும் சொன்ன சொல் காத்தார்கள். மடவை தொடை தொடையாகக் கொழுத்துப் புரளும், தெரு முழுக்கக் கரையில் உட்கார்ந்து கருவாட்டைக் கடித்துக்கினு அதைப் பார்க்கும். ஒரு மழை போயிற்று, இன்னொரு மழையும் போயிற்று, குஞ்சு என்று ஒன்றைக்கூடக் காணோம். எதிர்வீட்டுக் கோவிந்தம்மாள் அக்கா நான் குடம் எடுத்துப் போகும்போதெல்லாம் "ஏண்டி மருத்துவச்சி, வலி கண்டுச்சா" என்று கேட்பாள். அதிலிருந்து பூமாலை என்று என்னைக் கூப்பிடுவது பாதிரியார் ஒருவர்தான்.

உன் கடிதம் வந்த வாரம் மாமா உப்பு மூட்டையோடு வந்தார். செத்து மிதந்த மடவை ஒன்றை அறுத்துக் காட்டி, "சினையெல்லாம் புடிச்சிக்கினுதான் இருக்குது, ஆனா உடாது, இது முட்ட உடக் கடலு உப்பு வேணும், சினை முத்துச்சுன்னா முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போயிடும், நீ கொளத்துல அடைச்சி வெச்சிக்கினு பெறு பெறுன்னா எப்பிடிப் பெறும்" என்று சிரித்தார். என் மூளையைத் தெரியுமே உனக்கு. உப்புத்தானே வேண்டும் என்று, மாமா தூங்கியதும் மூட்டையை இழுத்துப் போய்க் குட்டையில் கவிழ்த்துவிட்டேன். குட்டைக்கு அது பல்லுக்குக்கூடப் பற்றவில்லை, நானே குடித்துப் பார்த்தேன், எருமையும் குடித்துப் பார்த்தது, இருவருக்கும் ஒரே அபிப்பிராயம். வீட்டில்தான் ஒரு வாரம் உப்பில்லாத கூழ். கடலைச் செய்யப் பார்த்த கழுதை என்று மாமா எனக்கு இன்னொரு பட்டம் கொடுத்தார். அம்மாவுக்கு மட்டும் மாமா சொன்னது தித்தித்தது. "பார்த்தியா, மீனுகூட பெறணும்னா தன் தண்ணிக்குப் போவுது, இதையும் உங்கண்ணனுக்குச் சேர்த்து எழுது" என்றாள். எழுதினேன், மனமில்லாமல்தான் எழுதினேன், ஏனென்றால் அண்ணி வாந்தியோடு அத்தனை நாள் கடலில் வருவதை என்னால் நினைக்க முடியவில்லை. ஆனால் அம்மாவிடம் வாதாட, உப்பு மூட்டையைத் தொலைத்தவளுக்கு ஏது வாய்.

அதைத் தபாலில் போடப் போகிற வழியில் குட்டையில் கால் நனைத்தேன். தண்ணீருக்குள் உடைந்த உரல் ஒன்று கிடக்கிறதே, அதைச் சுற்றிக் கொசுக் கூட்டம் போலக் குஞ்சுகள். அண்ணா, உப்பு வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். மடவை பெற்றுவிட்டது, மடவை பெற்றுவிட்டது என்று தெருக்கோடி வரை ஓடினேன், கோவிந்தம்மாள் அக்கா வீட்டு வாசலில் மட்டும் நின்று இரண்டு தரம் கத்தினேன். தெருவே கூடிவிட்டது. அப்பா மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கினு பெரிய மனிதராக வந்து நின்றார். மாமா ஒரு சொம்பில் அள்ளி வெயிலில் பார்த்தார், அப்புறம் உரலுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்த தாயையும் தகப்பனையும் பார்த்தார். இரண்டின் மேலும் பட்டை பட்டையாகக் கோடு. "அடியே மருத்துவச்சி, இது செத்தைக்கெண்டைடி, உங்கப்பன் தூக்கி எறிஞ்ச கழிசடை" என்றார். கோவிந்தம்மாள் அக்கா சிரித்த சிரிப்பு பினாங்கில் கேட்டிருக்க வேண்டும்.

மாமாவைக் குடைந்து கேட்டேன். கழுவெளி ஐப்பசியில் குடிக்கிற தண்ணீர், பங்குனியில் ஊறுகாய்த் தண்ணீர். மடவைக்குக் கடல் என்று ஒரு தாய்வீடு இருக்கிறது, போய் லட்சம் லட்சமாகப் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்துவிடும். செத்தைக்கெண்டைக்குப் போக்கிடம் இல்லை, உப்பானாலும் சப்பானாலும் அங்கேயேதான் பெற வேண்டும். தண்ணீர் மாறும்போதெல்லாம் தாங்காதது செத்திருக்கும், தாங்கினது பெற்றிருக்கும், அதன் பிள்ளையும் தாங்கியிருக்கும், நம் முப்பாட்டன்மாருக்கும் முந்தியிலிருந்து இப்படியே கழிந்து கழிந்துதான் இரண்டு தண்ணீரிலும் குடித்தனம் செய்கிற மீனாக அது ஆகியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். என் ஊகத்தின் யோக்கியதை உனக்குத் தெரியும், ஆனாலும் இந்த முறை மாமா தலையாட்டினார்.

அம்மா அன்று பொழுது சாயும்வரை உரலுக்கு எதிரே கரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு மீன் குஞ்சுகளை அணைத்துக்கினு நிற்க, இன்னொன்று கிட்டே வந்த தவளையை முட்டித் துரத்தியது. துரத்தியது எது, நின்றது எது, இரண்டும் மாறி மாறி அதையே செய்ததால் யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, "அந்தக் கடுதாசியக் கிழிச்சிட்டு வேற எழுது" என்றாள். இனி வருவது அவள் வார்த்தை, நான் ஒன்றும் கலக்கவில்லை. "வெள்ளையம்மா அங்கயே பெறட்டும். தண்ணி ஒத்துக்கலன்னா என்ன பண்றதுன்னுதான் பயந்துக்கினு இருந்தேன். எந்தத் தண்ணியா இருந்தா என்னடா, பக்கத்துல ரெண்டு பேரு இருந்தா போதும். நீ வேலை வேலைன்னு ஓடிப்போவாத, அவ வாசப்படியிலயே நில்லு."

இத்தோடு முடிந்தது என்று மசிக்கூட்டை மூடினேன். அம்மா மறுபடியும் திறக்கச் சொன்னாள். சீட்டு எடுக்கத்தான் வேண்டுமாம், ஆனால் அண்ணிக்கு அல்ல. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு, சவுரியம்மாள் பேரில். விழுப்புரத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அத்தை வீட்டிலிருந்து மறுநாளே திரும்பி வந்தவளா என்று அப்பா கேட்டார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில், தவளை பாடு எவ்வளவோ தேவலை.

உனக்கும் அண்ணிக்கும் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் ஆரோக்கிய மாதாவின் ஆசீர்வாதம் உண்டாவதாக. அண்ணி படியிறங்கும்போது கையைப் பிடித்துக்கொள். மறக்காமல், அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பா சப்பா என்று பதில் எழுது, அம்மாவுக்குப் பயம் போகவில்லை, மூட்டை மட்டும் கட்டிவிட்டாள்.

இப்படிக்கு
உன் அம்மா சவுரியம்மாள் (கைநாட்டு)

எழுதியது: பூமாலை, வேலையிழந்த மருத்துவச்சி