தூணைப் பார்த்துச் சிரித்தாய்

பெரியம்மா,

இன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூர் மூக்குக்கண்ணாடிக் கடையில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து சுவரிலிருந்த எழுத்து அட்டையைப் படித்தார். பின்னால் உன் தங்கை, என் அம்மா, தன் முறைக்காக நின்றிருந்தாள். அவள் உதடு அசைந்தது. சத்தமில்லாமல்.

உன் உதடு அது.

அன்று ராஜபாளையத்தில் பள்ளிக்கூடத்தில் கண் முகாம். பெரியப்பாவின் இரண்டாவது கண்ணில் புரை எடுப்பதற்காகப் போயிருந்தோம். முதல் கண்ணுக்கும் நீதான் துணைக்குப் போனாய். நாற்பது நாள் சொட்டு மருந்து விட்டாய். அன்றும் அவர் அட்டையைப் படிக்கும்போது பின்னால் நின்றிருந்தாய். "நீயும் உக்காரு" என்று உன்னை அமுக்கி உட்கார வைத்தேன். ட. ப, ம. ய, ர, ல. கடைசி வரிவரைக்கும் நிற்காமல் சொன்னாய். பரிசோதித்த பெண் அசந்துபோனாள்.

"ஐயாவ விட ஒங்களுக்குத்தாம்மா கண்ணு நல்லாருக்கு."

வீடு வரும்வரை அதைச் சொல்லியே பெரியப்பாவைக் கிண்டல் செய்தாய்.

அடுத்த வருடம் வடிகஞ்சியைக் காலில் ஊற்றிக்கொண்டாய். கை வழுக்கிவிட்டது என்றாய். நான் நம்பவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த முகாமுக்கு உன்னை இழுத்து வந்தேன்.

அந்த அட்டையில் எழுத்துகள் இல்லை. எண்கள்.

"ட" என்றாய். "ப, ம."

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். எதற்கென்று தெரியாமல் நீயும் சிரித்தாய். என்னைப் பார்த்து அல்ல. எனக்குப் பக்கத்திலிருந்த தூணைப் பார்த்து.

பஸ் ஸ்டாண்டில் கேட்டேன், ஏன் மனப்பாடம் செய்தாய் என்று.

"ஆபரேசன் பண்ணுனா அம்புட்டு நாளும் அடுப்புப் பக்கம் போகக் கூடாதுன்னாகள்ல. ஒங்க பெரியப்பாவுக்கென்ன, அவிய எந்தக் காலத்துல அடுப்புப் பக்கம் போனாக? எனக்கு யாரு சோறு வடிப்பா, யாரு மருந்து விடுவா? அவிய விட்டா மூக்குலதான் விடுவாக."

உன் ஒரு கண் ஆபரேசனுக்கு மதுரையிலிருந்து லீவு போட்டு வந்தேன். சோறு வடித்தேன். மருந்து விட்டேன். கட்டுப் பிரித்த அன்று என்னையே உற்றுப் பார்த்தாய்.

"ஏட்டி, மூக்கு எப்பக் குத்துன?"

மூன்று வருடமாயிற்று என்றேன். மூக்குத்தியை விரலால் தொட்டுப் பார்த்தாய். பிறகு, "நல்லாத்தான் இருக்கு" என்றாய்.

இன்னொரு கண்ணைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் ஒரே பதில். "ஒண்ணு போதும். உலை கொதிக்கது தெரியுதுல்ல." பெரியப்பாவுக்கு இரண்டு, உனக்கு ஒன்று. வீட்டில் யாருக்கும் அது கணக்குப் பிசகாகத் தோன்றவில்லை. நானும் இரண்டாம் முறை லீவு போடவில்லை. போன தை மாதம் அந்த ஒற்றைக் கண்ணோடு போய்விட்டாய்.

இன்று அப்பா எழுந்தார். அம்மா உட்கார்ந்தாள்.

"கடைசி வரியில ஆரம்பிங்க" என்றேன் கடைக்காரரிடம். "வலப்பக்கத்துல இருந்து கேளுங்க."

அம்மா திரும்பி முறைத்தாள். "எங்க அக்காகிட்டப் படிச்சியாக்கும்?"

கடைசி வரியில் ஒன்றுமில்லை. அதற்கு மேல் வரியில் ஒன்றுமில்லை. மூன்றாவதில், இரண்டாம் எழுத்தோடு நின்றுவிட்டாள். புரை மாதிரி இருக்கிறது, ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்றார் கடைக்காரர்.

"ஒங்க அப்பாவுக்கு யாரு..." என்று ஆரம்பித்தாள் அம்மா.

ஆபீசுக்குச் சொல்லிவிட்டேன், பெரியம்மா. இரண்டு கண்ணுக்கும் லீவு.