ரூபியின் பிரசங்கத்தில் நான் தூங்கியது

ஜூன் 15, ஞாயிறு

காற்று. மலைப்பக்கம் மேகம் கறுத்து நிற்கிறது. ராஜபாளையத்துக்குள் ஒரு சொட்டு இல்லை, புழுதி மட்டும் தாராளம்.

அசிங்கத்தை முதலில் எழுதிவிடுகிறேன். இன்று கோயிலில் தூங்கிவிட்டேன். ‘கண்ணயர்ந்தேன்’ என்று எழுதலாம், என் மனைவி எஸ்தர் படித்தால் சிரிப்பாள். குறட்டை. வாய் பிளந்து. ஆண்கள் பக்கம், நாலாவது பெஞ்சு.

சும்மா தூங்கியிருந்தால் மன்னிப்பு உண்டு. ரூபியின் பிரசங்கத்தைக் கேட்பதற்கென்றே சபை நியமித்த மூன்று பேரில் நானும் ஒருவன்.

ரூபி மம்சாபுரத்துப் பெண். எங்கள் பஞ்சு மில்லில், நூல் நூற்கிற ரிங் பிரேமில் வேலை. நான் அங்கே மேஸ்திரி. இறையியல் படித்து ஆயராக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எங்கள் லுத்தரன் வட்டாரத்தில் ஊழியப் படிப்புக்குப் போகிறவர்களுக்கு உதவித்தொகை உண்டு, வருஷத்துக்கு ஒரே ஆள். அதற்கு விண்ணப்பிக்கிற ஆள் சொந்தச் சபையில் ஒரு பிரசங்கம் செய்ய வேண்டும். மூன்று பேர் அதைக் கேட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் வட்டாரக் குழு முன்னால் வாயால் சாட்சி சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்தால் செல்லாது. முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார்கள். வருகிற சனிக்கிழமை.

என் தரப்பு வாதம்: முழு நைட் ஷிப்ட் முடித்துக் குளித்துவிட்டு நேரே போனேன். அடுத்த தெரு பெந்தெகொஸ்தே சபையில் யாரும் தூங்க முடியாது, டிரம்ஸ் வைத்திருக்கிறார்கள். நாங்கள் லுத்தரன்கள். எழும்பு, உட்கார், ஞானப்பாட்டு, மறுபடி உட்கார். தூக்கத்துக்கு இதைவிட நல்ல ஒழுங்குமுறை யாரும் போட்டதில்லை.

வாரப் பத்திரிகைகளுக்குத் துணுக்கு எழுதுகிற ஆள் நான். என் துணுக்கைப் படித்து இதுவரை யாரும் தூங்கியதாகத் தகவல் இல்லை. படித்ததாகவும் தகவல் இல்லை.

ஜூன் 16, திங்கள்

முழு நைட். கணுக்கால் வீங்கி மாங்காய் மாதிரி. பகலில் தூக்கம் வரவில்லை. கோயிலில் மட்டும்தான் வரும் போல.

எஸ்தரிடம் நைசாக விசாரணை.

“ரூபி நேத்து எதப் பத்திப் பேசினா?”

“கேக்கப் போனது நீங்கதான?”

“சும்மா சொல்லுட்டி.”

“வெள்ளச் சேலையில லட்சணமா இருந்தா. அந்தச் சோடாபுட்டிக் கண்ணாடி இல்லாம மொகமே வேற. கணீர்னுதான் ஆரம்பிச்சா. பாதியில சத்தம் அப்படியே இறங்கிருச்சு. பொறவு முணுமுணுன்னு என்னமோ சொன்னா, ஒண்ணும் கேக்கல.”

“ஏன் இறங்குச்சு?”

“ஏனா? எதுக்க ஒரு மனுசன் வாயப் பொளந்து உறங்குதான். முழு நைட்டு பாத்துட்டு வந்திருக்காருன்னு மில்லுப் பிள்ளைக்குத் தெரியாதா? எழுப்பிரக் கூடாதேன்னு இறக்கிப் பேசிருக்கா. அவளுக்கு மனசு அப்படி. உங்களுக்கும் இருக்கே.”

கடைசி வாக்கியம் தேவையில்லாதது. ஆனால் நாள் முழுக்கக் காதுக்குள்ளேயே.

ஜூன் 17, செவ்வாய்

வாங்க: கால்வலித் தைலம், எல்இடி பல்பு, து. பருப்பு. (தைலம் மறந்துவிட்டது.)

பருப்புக்கு அகஸ்டின் அண்ணாச்சி கடை. சாட்சிகளில் அண்ணாச்சி ஒருவர். இன்னொருவர் தானியேல் சார், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். அவரும் கடையில்தான் இருந்தார், பேப்பரை ஓசியில் படித்தபடி.

“என்ன மேஸ்திரி, சனிக்கிழமை என்ன சொல்லப் போறீரு?”

“நீங்க என்ன சொல்றீங்க சார்?”

“உள்ளதச் சொல்லுவேன். குரல் எட்டல. கடைசி பெஞ்சுல இருந்தேன், பாதிக்கு மேல ஒரு எழுத்து விளங்கல. மைக்க நம்ப முடியுமா, கரண்டு போனா அதுவும் போயிரும். ஆயர்னா குரல் வேணும்யா. நல்ல பிள்ளதான், நான் இல்லங்கல. ஓய்வுநாள் பள்ளியில பாட்டுச் சொல்லிக் குடுக்கட்டும்.”

“அண்ணாச்சி, நீங்க?”

“சார் சொன்னா சரிதான். பருப்பு அரைக் கிலோவா, ஒரு கிலோவா?”

குரல் எட்டவில்லையாம், ரூபிக்கு! ரிங் பிரேம் ஓடும்போது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலே பாதிதான் கேட்கும். ஒரே ஷிப்ட் விழுகிற வாரங்களில் அவள் அந்தக் கோடியில் நின்று, “அண்ணே, ஆறாம் நம்பர் நின்னுபோச்சு!” என்றால் இந்தக் கோடியில் நான் டீயைக் கொட்டிக்கொள்வேன்.

அதைச் சொல்லிவிடலாம். ‘பின்னே ஏன் கோயிலில் குரலை இறக்கினாள்?’ என்பார்கள். அதற்கு ஒரே ஒரு பதில். அந்தப் பதில் வாய் பிளந்து நாலாவது பெஞ்சில் இருந்தது.

சபைக் கமிட்டித் தேர்தல் வேறு வருகிறது. நிற்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

காலை, மில் கேட். ஷிப்ட் விட்டு வருகிறேன். பகல் ஷிப்டுக்கு ரூபி உள்ளே வருகிறாள்.

“அண்ணே, சனிக்கிழம வாரீயல்லா?”

“வாரேன்மா.”

“பிரசங்கம் எப்படிண்ணே? பாதியில கொஞ்சம்…”

“அதெல்லாம் நல்லாத்தான்.” (பச்சைப் பொய்.)

கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். “மனசுல பட்டதச் சொல்லுங்கண்ணே. இந்த வருசம் விட்டா எனக்கு வயசு தாண்டிரும். இனிமே கேக்கவே முடியாது. பொறவு இதே பஞ்சுதான், இதே மிஷின்தான்.”

சங்கு ஊதியது. ஓடிவிட்டாள். நான் டீக்கடைக்குப் போய் வடையைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்தேன். என் வரலாற்றில் முதல் முறை.

ஜூன் 20, வெள்ளி

லேசான சாரல். எஸ்தர் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள்.

“என்ன சொல்லப் போறீங்க?”

“தெரியல.”

“தெரியும்” என்றாள். சட்டைக்குச் சொன்னாளா எனக்கா, தெரியவில்லை.

ஜூன் 21, சனி

ஸ்ரீவில்லிபுத்தூர். பஸ்ஸில் தூங்கவில்லை. பயம் நல்ல காபி.

குழுத் தலைவி கிறிஸ்டி அம்மா, பெரிய ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கெல்லாம் மேலாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஊசி போடுகிற பார்வை. ரூபியை வெளியே வேப்பமரத்தடியில் உட்காரவைத்துவிட்டு எங்கள் மூன்று பேரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

தானியேல் சார்: குரல் எட்டவில்லை. அண்ணாச்சி: சார் சொன்னதுதான். அம்மா என்னைப் பார்த்தார். எழுந்து நின்றேன்.

“நான் கேக்கலம்மா. தூங்கிட்டேன்.”

“எம்புட்டு நேரம்?”

“முழுசும்.”

“அப்போ எதுக்குவே சாட்சி சொல்ல வந்தீரு?”

“தூங்குனதுதான்மா சாட்சி. முழு நைட் பாத்துட்டு வந்தேன்னு அந்தப் பிள்ளைக்குத் தெரியும். நான் முழிச்சிரக் கூடாதுன்னு குரல இறக்கிருச்சு. உதவித்தொகை போனாலும் போகட்டும், இந்த மனுசன் செத்த நேரம் உறங்கட்டும்னு நினைச்ச பிள்ள அது. ஆயருக்கு வேற என்னம்மா வேணும்?”

சொல்லும்போது என் குரலே உடைந்தது. நடிப்பில்லை. நன்றாகச் சொல்கிறோமே என்கிற சந்தோஷமும் கூடவே இருந்தது, மறைப்பானேன். தானியேல் சார் மேலே ஃபேனைப் பார்த்தார். அண்ணாச்சி வாயைப் பொத்திக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

கிறிஸ்டி அம்மா சிரிக்கவில்லை. “வார்டுல ஒரு நோயாளி உறங்குனா நாங்களும் இறக்கித்தான் பேசுவோம்” என்றார்.

பிறகு ஜன்னலருகே போய், “ஏட்டி ரூபி! அங்கேயே நின்னு விசுவாசப் பிரமாணம் சொல்லு!”

சொன்னாள். மைதானத்தைத் தாண்டி, சுவரைத் தாண்டி ஒவ்வொரு சொல்லும் வந்தது. ரோட்டில் இரண்டு பைக் நின்றுவிட்டன. அண்ணாச்சிக்கு அவருடைய வாழ்க்கையிலேயே முதல் சொந்தக் கருத்து: “கடைசி பெஞ்சா? கிருஷ்ணன்கோவில் வரைக்கும் கேக்கும் சார்!”

தானியேல் சார் தொண்டையைச் செருமினார். “இப்ப எட்டுது.”

உள்ளே கூப்பிட்டு அவளிடம் வேறொன்றும் கேட்கவில்லை. உதவித்தொகை ரூபிக்குத்தான் என்று கிறிஸ்டி அம்மா சொல்லிவிட்டார். அவள் அழுதாள், நானும் கொஞ்சம். தூக்கக் கலக்கம் என்றேன்.

கமிட்டித் தேர்தலில் இனி எனக்கு ஒரு ஓட்டு நிச்சயம், என்னுடையது. எஸ்தருடையது சந்தேகம். போகட்டும். இந்த வருஷத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

திரும்பும் பஸ். பக்கத்து சீட்டில் ரூபி, மடியில் பால்கோவாப் பொட்டலம். பெருந்தன்மையாகச் சொன்னேன்:

“அன்னைக்கு எனக்காகச் சத்தத்த இறக்குனியே, அத மறக்க மாட்டேன்மா.”

“எதுக்குண்ணே?”

“தூங்கிட்டிருந்தேன்லா.”

“நீங்க உறங்குனீயளா?”

பஸ் வன்னியம்பட்டி விலக்கில் நின்று கிளம்பியது.

“பாதியில எனக்கு வசனம் மறந்துருச்சுண்ணே. பேப்பர் கையிலதான் இருந்துச்சு, எழுத்து தெரியல. அதான் வாய்க்குள்ளேயே முணுமுணுத்து ஒப்பேத்துனேன். ஆள் மொகம் தெரிஞ்சா நடுங்கும்னு மேடையேறும்போதே கண்ணாடியக் கழட்டிருவேன்.”

கழற்றினால் முதல் பெஞ்சுக்கு அந்தப் பக்கம் எல்லாமே வெறும் புகையாம்.