துளிர் கண்டு போய் நின்றவள்

என்னங்க, மேல்மலையில் மொட்டையாகக் கவ்வாத்து வெட்டிய தேயிலை மறுபடி துளிர்த்துவிட்டது. காலையில் வகுப்பறை ஜன்னலைத் திறந்ததும் மழையில் நனைந்த அந்தப் பச்சை வாசம் உள்ளே வந்தது. பாடமோ, அந்தப் பழைய காதல் பாட்டு. வேறு யாரையாவது எடுக்கச் சொல்லலாமா என்று நேற்றெல்லாம் யோசித்தேன். நீங்கள் கண்ணை மூடிய பிறகு அதை நான் வாய்விட்டுப் படித்ததே இல்லை.

உங்களுக்கு அந்தப் பாட்டின் மேல் எப்போதும் ஒரு கோபம். மழைக்காலம் வந்தால் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போகிறான் ஒருவன். மழை வந்துவிட்டது, அவன் வரவில்லை. கலங்கி நிற்பவளிடம், இது காலத்து மழையே இல்லை என்று சாதிக்கிறாள் தோழி. "நம்ம ஊருல வருசம் பூரா மழைதான். இவன நம்புனா அவ கதி அதோகதிதான்!" என்று சிரிப்பீர்கள்.

ஏன் சிரிக்கமாட்டீர்கள்! கல்யாணம் முடிந்த கையோடு கொழும்புக் கடை வேலைக்குக் கிளம்பியபோது நீங்கள் சொன்னது மட்டும் என்னவாம்? "மேமல கவ்வாத்து வெட்டியிருக்கு. அது கொழுந்துக்கு வந்ததும் வந்துருவேன் புள்ள."

ஹட்டன் கடைத்தெருவில் வளர்ந்தவள் நான், தேயிலையைப் பற்றி என்ன கண்டேன்? முதல் துளிரைப் பார்த்ததும் சேலை மாற்றி, பூ வைத்துக்கொண்டு, பஸ் நிற்கும் சந்தியில் போய் நின்றேன். பஸ் வந்தது, போனது. கொழுந்துக்கூடையோடு அந்தப் பக்கம் வந்த அடுத்த வீட்டு அக்கா, "அட பைத்தியமே, அது கொழுந்து இல்ல, வெறும் துளிரு. காலம்பற பேர் கூப்பிடுற பெரட்டுல, கொழுந்து பறிக்க அந்த மலைக்கு ஆள் பிரிச்சு அனுப்பணும், அப்பத்தான் கொழுந்து" என்று என் கையைப் பிடித்து லயத்து வீட்டுக்கு அழைத்துப் போனார்.

அது நிஜமா, என்னைத் தேற்றச் சொன்னதா என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ராத்திரி தூங்கினேன். அதன் பிறகு அந்தத் தோழியைப் பொய்க்காரி என்று நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. காத்திருப்பவளுக்குக் காலத்தை யாராவது கொஞ்சம் தள்ளிவைத்துத் தரவேண்டியிருக்கிறது.

மேல்மலையில் கூடைகள் ஏறிய அன்று சாயங்காலமே வந்து இறங்கினீர்கள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "துளிரப் பாத்துட்டா போயி நின்ன?" என்றீர்கள். கேலி செய்யப் போகிறீர்கள் என்று நினைத்தேன். உங்களுக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்றைக்குப் பாட்டைப் படித்து முடித்தேன். இடையில் குரல் தடுமாறியது, பிள்ளைகள் சளி, தடிமன் என்று நினைத்திருப்பார்கள். கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து, "டீச்சர், அவரு வந்தாரா இல்லியா?" என்று கேட்டாள். பாட்டு அதைச் சொல்லவில்லை.

"வந்தாரு" என்றேன். "பரீட்சையில அப்பிடி எழுதிராதீங்க, மார்க் கிடைக்காது."

வகுப்பே சிரித்தது.

இனி இந்த மலை எத்தனை தடவை துளிர்த்தாலும் நீங்கள் வரப்போவதில்லை. தெரியும். ஆனால் ஒரு தடவை வந்தீர்கள், என்னங்க. பையைக் கீழே வைக்காமலே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். பாட்டில் இருப்பவளுக்கு அது இன்றுவரை கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது.