ஏழு நாளும் வேகம் என்று நினைத்தேன்

சம்பந்தி,

இன்று காலை வடுவூர்ச் சாலையில் பாதியை அடைத்துக் குறுவை நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். ஈர நெல்லின் வாசனை. இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். உங்கள் ஞாபகம் வந்தது.

நான் எழுத்துக் கற்று எட்டு மாதம் ஆகிறது. ஒரு வரிக்கு வெகுநேரம் பிடிக்கிறது. ஆனாலும் எழுத எழுத இனிக்கிறது.

எங்கள் ஊரில் பொங்கலுக்கு அறுபது தாண்டியவர்களுக்குச் சைக்கிள் பந்தயம் உண்டு. ஒரு வருடம் கடைசியாக வந்தேன். அடுத்த முறை முதல் மூவரில் வரவேண்டும் என்று மன்னார்குடியிலிருந்து வடுவூர் ஏரி வரை தினமும் மிதித்தேன். நாற்பத்தெட்டு நிமிடம். இரண்டு மாதம் ஆகியும் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. தபால்காரராக ஆயுள் முழுக்க மிதித்தவர் நீங்கள். யோசனை கேட்டதும் ஏழு நாளும் எப்படி மிதிப்பது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தீர்கள்.

அன்று எனக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. பெண் கொடுத்த இடத்தில் அதை எப்படிச் சொல்வது? தலையாட்டிவிட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். வேகமாகப் போகத்தான் எழுதியிருப்பீர்கள் என்று ஏழு நாளும் விழுந்தடித்து மிதித்தேன். நாற்பத்தொன்பது ஆனது.

அடுத்து வந்தபோது சீட்டைப் படிக்கச் சொன்னீர்கள்.

"கண்ணாடி எடுத்துட்டு வரலீங்க சம்பந்தி" என்றேன். கண்ணாடி மூக்கின்மேல் இருந்தது.

நீங்கள் சிரிக்கவில்லை. "என் கையெழுத்து யாருக்கும் வெளங்காது, நானே படிச்சிடறேன்" என்று வாங்கிப் படித்தீர்கள். திங்கள் மெல்ல. செவ்வாய் மெல்ல. புதன் மட்டும் ஐந்தைந்து நிமிடமாக மூன்று தடவை முழு மூச்சு, நடுவில் ஆற விட வேண்டும். வியாழன் ஓய்வு. வெள்ளி மெல்ல. சனி எதிர்காற்றில். ஞாயிறும் மெல்ல.

"மெல்லப் போற நாள்ல நெசமாவே மெல்லப் போகணுங்க. அப்பதான் புதன்கிழமைக்குக் கால்ல ஏதாச்சும் மிச்சம் இருக்கும்."

அதன்பிறகு நீங்கள் எழுதித் தரவே இல்லை. ஞாயிறுதோறும் போனில் சொன்னீர்கள்.

மெல்லப் போவதுதான் கஷ்டமாக இருந்தது. பால் ஊற்றும் பெண் என்னை முந்திப் போய், "டயர்ல காத்து இல்லையா பெரியப்பா?" என்று கேட்டாள். ஐந்தாம் வாரம் நாற்பத்து நான்கு நிமிடம்.

ஐப்பசி மழையில் நீங்கள் போய்விட்டீர்கள். பொங்கலுக்கு மூன்றாவதாக வந்தேன். மாசியில் எழுத்து வகுப்பில் சேர்ந்தேன்.

போன வாரம் மகளிடம் சீட்டு விஷயத்தைச் சொன்னேன். எனக்கு எழுத்து தெரியாததைக் கல்யாணமான நாளிலிருந்து உங்கள் வீட்டில் எனக்காக மறைத்து வந்தவள் அவள்.

"மாமாவுக்குத் தெரியுமா?" என்று திகைத்தாள். "வீட்ல எந்தக் காகிதம் வந்தாலும், 'சம்பந்தியும் படிச்சுப் பாத்துட்டுச் சொல்லட்டும்'னுதானேப்பா கடைசிவரைக்கும் சொன்னாரு."

இப்போது அந்தச் சீட்டைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், சம்பந்தி: உங்கள் கையெழுத்து நன்றாகவே விளங்குகிறது.