திருப்பிச் சொன்ன உயரம்

நெடுந்தீவு,
செவ்வாய்க்கிழமை

மச்சான்,

அன்புள்ள என்று எழுத மனம் வரவில்லை.

அன்று முகிலுக்குள் வெளியே எதுவும் தெரியாமல், கருவிகளை மட்டும் பார்த்து விமானத்தை இறக்கிக்கொண்டிருந்தேன். கட்டுப்பாட்டு அறையிலிருந்து நீ நாலாயிரம் அடிக்கு இறங்கச் சொன்னாய். என் காதில் இரண்டாயிரம் என்று விழுந்தது. அது என் பிழை. ஆனால் இரண்டாயிரம் என்றுதான் உனக்குத் திருப்பிச் சொன்னேன். திருத்த வேண்டிய நீ, "சரி" என்றாய்.

எச்சரிக்கை மணி அலறியதால் மேலே இழுத்தேன். முகில் விலகியபோது மலை விமானத்தின் வயிற்றுக்குச் சற்றுக் கீழே கிடந்தது. எனக்குப் பின்னால் அறுபத்திரண்டு பேர் இருந்தார்கள்.

வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு ஊருக்கு வரும் வழியில், நேற்று குறிகட்டுவான் துறையில் நான் படகுக்கு நின்றபோது எனக்குப் போன் எடுத்தாய்.

"நீ திருப்பிச் சொன்னது இரைச்சலிலை கேக்கேல்லை எண்டு எழுதிக் குடுத்திட்டன். நீயும் றேடியோவிலை பிழை எண்டு சொல்லு. ரெண்டு பேரும் தப்பலாம்."

கேட்காதவன் எதற்கடா சரி என்றாய்?

என் பிழையை எழுதி விசாரணைக்குக் கொடுத்துவிட்டேன். இனிப் பறப்பேனோ தெரியாது. வெள்ளிக்கிழமைக்குள் உன் பிழையை நீயே போய்ச் சொல். இல்லாவிட்டால் நான் சொல்வேன். நாளைக்கு முகிலுக்குள் வருகிறவனும் நீ சரி என்றால் இறங்குவான்.

உன் குரலை நம்பியவன்