தவளைப் பெட்டிச் சோறு

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது.

நானும் உன் அப்பாவும் நலம், உன் சித்தி நலமில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய், வீடியோவில் பார்த்தேன், கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது. போன் பண்ணாமல் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் என்றால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ இருபது வார்த்தை பேசி, கடைசியில் நான்தான் தப்புப் பண்ணினவள் மாதிரி சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுவேன். அதனால் எல்லாவற்றையும் தாளில் எழுதி, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துப் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். பாதியில் வைத்துவிடாமல் கடைசிவரை படி.

நம் ஊரில் நடந்த அந்தப் பொம்மை ரசிகர் மாநாட்டைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இரண்டு மாதமாக வேறு பேச்சே நீ பேசவில்லை. ஆனால் நீங்கள் எல்லாரும் படத்தில் பார்ப்பது முன்வாசல், நாங்கள் வேலை பார்த்தது பின்வாசல். அரங்கத்தின் கேன்டீனும் துப்புரவும் ஒரே கான்ட்ராக்டர் கையில் இருப்பதால் என்னைச் சாப்பாட்டுக் கவுன்டரிலும் உன் சித்தியைக் குப்பை எடுக்கவும் மூன்று நாளைக்குப் போட்டார்கள். முதல் நாள் காலையில் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அட்டையில் கவசம் செய்து மாட்டிக்கொண்டு வந்த ஒருத்தன் கழிப்பறை வாசலில் நேராகவும் நுழைய முடியாமல் பக்கவாட்டிலும் நுழைய முடியாமல் தவித்தான். நீல முடி வைத்த ஒரு பெண், ஆன்ட்டி என் வாலைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா என்று மரியாதையாகக் கேட்டாள், அவள் பணத்தை எடுக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். சந்தோஷமாக இருக்கிற பிள்ளைகள், இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். எனக்குக் குமட்ட ஆரம்பித்தது சாப்பாட்டு நேரத்தில்.

நீங்கள் எல்லாரும் சேர்த்து வைக்கிற அந்த மூன்று கண் தவளைப் பொம்மையைத் தனியாக விற்கக் கூடாதாம், சாப்பாட்டுப் பெட்டியோடு இலவசமாகத்தான் தர வேண்டுமாம், அப்படித்தான் பொம்மைக் கம்பெனியோடு பேச்சு. அதனால் பெட்டிக்குள் சோறு, கோழித்துண்டு, பாதி முட்டை, மேலே தவளை கக்கினது மாதிரி பச்சையாக ஒரு சாறு, ஓரத்தில் எந்தத் தவளை என்று வெளியே தெரியாத ஒரு உறை. ஒவ்வொருத்தனும் பத்துப் பெட்டி, பதினைந்து பெட்டி வாங்கினான். நகைக்கடையில் வைத்திருக்கிற மாதிரி குட்டித் தராசு பையில் கொண்டுவந்து, எடையை வைத்து எந்தத் தவளை என்று கண்டுபிடிக்க உறையை நிறுத்துப் பார்த்தான். உறையை எடுத்துக்கொண்டு சோற்றை அங்கேயே விட்டுவிட்டுப் போனான். ஒரு வாய், ஒரே ஒரு வாய் அள்ளிப் பார்க்கவில்லை. தாடி வைத்த ஒரு ஆள், உன் அப்பாவைவிட நாலைந்து வயதுதான் குறைவாக இருக்கும், சோத்தைக் கொட்டிட்டுப் பெட்டியை மட்டும் தாங்க, மூலை மடங்காம பாத்துக்கங்க என்றான். சுடச்சுட ஆவி பறக்கிற சோறு. நான் கொட்டினேன், கொட்டுவதற்குத்தான் சம்பளம். இன்னொரு கூட்டம் பத்துப் பெட்டிச் சோற்றை மேசைமேலேயே குவித்து, குன்று மாதிரி ஆக்கி, உச்சியில் தவளையை உட்கார வைத்து, ஆளாளுக்குப் படுத்துக்கொண்டு படம் எடுத்தது. அதிலும் பச்சைத் தவளை வந்துவிட்டால் சளியைத் துப்புகிற மாதிரி எறிந்தார்கள், அது எல்லாருக்கும் வருகிற தவளையாம், செல்லாக்காசாம். மத்தியானத்துக்குள் குப்பைத் தொட்டிகள் நிரம்பிச் சோறு தரையில் வழிந்தது, அதன்மேல் மிதித்துக்கொண்டே அடுத்த வரிசை நின்றது. அந்தச் சோற்று வாடையும் வேஷத் துணிகளின் வியர்வை வாடையும் இன்னும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை.

இதையெல்லாம் கான்ட்ராக்டரும் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் குமட்டவில்லை, யோசனை வந்தது. இரண்டாம் நாள் மூடி எடுக்கப் பின்கட்டுக்குப் போனேன், சமையல்காரர் அடுப்பு பற்ற வைக்காமல் உட்கார்ந்திருந்தார். முதல் நாள் மிஞ்சின சோற்றையும், மேசைகளில் விட்டுப்போன பெட்டிகளின் சோற்றையும் பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டி வைத்து, அதையே அள்ளிப் புதுப் பெட்டிகளில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். மேலே பச்சைச் சாறு மட்டும் புதுசு. பக்கத்தில் போனபோதே புளிச்ச வாடை அடித்தது. நான் கான்ட்ராக்டரிடம் போய், சோறு ஊசிப்போச்சு, இதைக் கொடுக்காதீங்க என்றேன். அவன் கோபப்படவே இல்லை. “இதைத் தின்னுறவன் ஒருத்தனைக் காட்டு, அப்புறம் பேசுவோம்” என்றான். ஹாலைச் சுற்றிப் பார்த்தேன். காட்ட ஒருத்தனும் இல்லை. கவுன்டருக்குத் திரும்பி அதே பெட்டிகளை எடுத்து நீட்டினேன்.

தின்றவர்கள் இருந்தார்கள். அவர்கள் ஹாலில் இல்லை, குப்பை வண்டிக்குப் பின்னால் இருந்தார்கள். துப்புரவு ஆட்களுக்குச் சாப்பாடு கிடையாது, வெளியே போய் வரவும் விடுவதில்லை. மூடி பிரிக்காமல் எறிந்த பெட்டிகளாகப் பார்த்து எடுத்து, உன் சித்தியும் இன்னும் மூன்று பேரும் இரண்டு நாளும் அதைத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். உறையைக்கூட எடுக்காமல் அப்படியே விட்டுப்போன பெட்டிகளும் இருந்தனவாம், எண்ணி வாங்கினவனுக்கு எண்ணி எடுக்கப் பொறுமையில்லை. ஒரே கூரையின் கீழ் நான் நிற்கிறேன், என்னிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு கேட்டதற்கு, அடுத்தவன் தூக்கிப் போட்டதைத் தின்னுறியான்னு நீ திட்டுவ என்றாள். திட்டியிருப்பேன். திட்டியாவது இருப்பேன்.

மூன்றாம் நாள் காலையில் நாலு பேருக்கும் வாந்தி, பேதி. மற்றவர்கள் லீவு சொல்லிவிட்டார்கள். இவள் சம்பளம் போய்விடுமே என்று வந்து, வாசலிலேயே விழுந்தாள். தண்ணீர் தெளிப்பதற்கு முன்னால் வாசல் காவல்காரன் அவள் பையைத்தான் திறந்தான். உள்ளே முந்தின நாள் பெட்டி ஒன்று, கைக்குட்டையில் சுற்றின ஒரு தவளை. பச்சைத் தவளை. நீ தவளை வேண்டும் என்று கேட்டதை நான் அவளிடம் சொல்லியிருந்தேன், நீ கேட்டது கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற அபூர்வத் தவளை என்பதெல்லாம் அவளுக்கு என்ன தெரியும். குப்பையில் கிடந்ததில் அழுக்கில்லாததாக ஒன்றைப் பொறுக்கி, சோப்புப் போட்டுக் கழுவி, உனக்கு என்று எடுத்து வைத்திருக்கிறாள். கூடை கூடையாக லாரியில் ஏற்றிக் கொட்டினார்களே அந்தத் தவளை. அதற்குத்தான் உன் சித்திக்குத் திருடி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இப்போது அரசு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். உடம்பில் நீரே இல்லை, சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று டாக்டர் சொன்னார், நேற்றிலிருந்து கொஞ்சம் தேவலை. கான்ட்ராக்டர் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வார்டுக்கு வந்தான். வீட்டில் சாப்பிட்டதுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாலு பேரும் எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம். கொடுத்தால் வேலை இருக்கும், இல்லையென்றால் பெட்டியும் பொம்மையும் திருடினதாகப் போலீசில் சொல்வானாம். நான் விடவில்லை, ஊசின சோறு, நானே மோந்து பார்த்தேன், எங்கே வேண்டுமானாலும் சொல்வேன் என்றேன். அவன் போனை எடுத்துத் தட்டி என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

அதில் நீ இருந்தாய். முதுகுக்குப் பின்னால் உன் பொம்மை அலமாரி, கையில் வெறும் ஸ்பூன். இந்த வருஷ மாநாட்டின் அசத்தலான கண்டுபிடிப்பு தவளைப் பெட்டிச் சாப்பாடுதான் மக்களே, வாயில் வைத்ததும் கரைகிறது என்கிறாய். சோறு எங்காவது கரையுமாடா? ஊசினால்தான் குழையும். இரண்டு விமானம் மாறி வர வேண்டிய தூரத்தில் உட்கார்ந்துகொண்டு எந்த வாயில் வைத்தாய், எது கரைந்தது?

இவ்வளவு பேர் பார்க்கிற ஆளே நல்லா இருக்குங்கிறாரு, நீ யாரு ஊசிப்போச்சுன்னு சொல்ல என்று கேட்டான் அவன். “அது நான் பெத்தது. அவன் எங்க சாப்பிட்டான்னு எனக்குத் தெரியாது, இங்க சாப்பிடலைன்னு தெரியும்” என்றேன். முதலில் சிரித்தான். நம்பினதும் இன்னும் நன்றாகச் சிரித்தான். “அப்ப வீட்டுக்குள்ளயே பேசி முடிச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டுப் பழப் பையைக் கட்டிலில் வைத்துப் போனான். அந்தப் பழத்தை நான் தொடவில்லை, பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்துவிட்டேன்.

உன் அப்பா வீடியோவை இரண்டு முறை பார்த்தார். இதுக்கு அவனுக்கு என்ன குடுத்தாங்களாம் என்று மட்டும் கேட்டார். பொம்மைக் கம்பெனியிலிருந்து முழு செட் தவளை என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னதைச் சொன்னேன். பணிமனைக்குக் கிளம்பிப் போய்விட்டார், மத்தியானச் சாப்பாட்டை எடுத்துப் போகவில்லை.

உன் சித்திதான் என்னை இதை எழுத வைத்தவள், அவளுக்கே அது தெரியாது. உடம்பு முடியாததை உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள், மீறிவிட்டேன். வீடியோ உன்னுடையது என்று தெரிந்த நிமிஷத்தில் அவள் முகம் மாறிப்போனது. “நான் சொன்னது நிஜம்னு ஆயிட்டா நம்ம பிள்ளை பொய்யனாயிடுவான்க்கா. எழுதிக் குடுத்துடறேன். குப்பை அள்றவளுக்கு என்ன பெரிய பேரு” என்றாள். அதற்குப் பதில் நீதான் சொல்ல வேண்டும்.

பணம் அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே. தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்றுங்கள் என்று யோசனை சொல்லாதே. அந்த வீடியோவைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு எடுத்துவிட்டேனே என்றும் சொல்லாதே. அதே முகத்தோடு, அதே அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து, நான் அங்கே போகவும் இல்லை, அந்தச் சோற்றைச் சாப்பிடவும் இல்லை, பொம்மை வாங்கிக்கொண்டு சொன்னேன் என்று சொல். பச்சைத் தவளை நீங்கள் எல்லாரும் தூக்கி எறிகிற தவளை என்பதையும் சொல், அது உனக்குத்தான் நன்றாகத் தெரியும். அடுத்த மாநாட்டுக்கு உன்னை மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாமே, கூப்பிட மாட்டார்கள். போகட்டும். மேடையில் ஏறி நீ எதைப் பற்றிப் பேசப்போகிறாய், பெட்டியின் மூலை மடங்காததைப் பற்றியா?

நீ பேசினாலும் பேசாவிட்டாலும் நான் சுகாதார அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று. சமையல்காரரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், வந்தால் பார்ப்போம். எனக்கு இனி அங்கே வேலை இருக்காது, அதற்காக வருத்தமில்லை. ஆனால் என் பேச்சுக்கு எதிராக என் பிள்ளையின் பேச்சையே அவன் தூக்கிக் காட்டுவான், அதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

உனக்கு இருமல் விட்டதா? ராத்திரியில் முழித்து அந்தத் திரையையே பார்க்காதே, கண் உள்ளே போயிருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு, சூடாகச் சாப்பிடு, சாப்பிட்டதைப் பற்றி மட்டும் பேசு. எவ்வளவு அருவருப்பு வந்தாலும் நீ நல்லா இருக்கணும் என்றுதான் மனசு சொல்கிறது, பெற்ற மனசு வேறு எப்படிச் சொல்லும், அந்தத் தைரியத்தில் சும்மா இருந்துவிடாதே. உன் அப்பாவின் ஆசியும் என் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

திங்கட்கிழமை காலையில் கான்ட்ராக்டர் கையெழுத்து வாங்கத் தாளோடு வார்டுக்கு வருகிறான், அதை மறக்காதே. நர்ஸ் குளுக்கோஸ் ஊசியை இன்றைக்கு வலது கைக்கு மாற்றிவிட்டாள், அசைக்கக் கூடாது. உன் சித்தி பழைய மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இடது கையால் தன் பெயரை எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அம்மா