ஹருவோவின் கடைசி வரி

மார்ச் 12, வியாழன்

பக்கத்து நகரமான புரோசார்டில் இருந்த ஹருவோ இன்று காலை இறந்துவிட்டார். ஒசாகாவிலுள்ள அக்காவுக்கு அவர் ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் இன்னும் என் மேசையில் கிடக்கிறது. இங்கேயே வளர்ந்தவர், ஜப்பானிய மொழியில் எழுத வராது. மொழிபெயர்த்து அனுப்பச் சொல்லி இரண்டு வாரத்துக்கு முன் தந்தார். ஒரு மணித்தியால வேலை.

கடைசி வரியில் 'ஐ கேவ் அப்', விட்டுவிட்டேன், என்று எழுதியிருந்தார். ஜப்பானிய மொழியில் ஒரு பழக்கத்தை நிறுத்துவதற்கு ஒரு சொல், தோல்வியை ஒப்புக்கொள்வதற்கு இன்னொன்று, நம்பிக்கை இழப்பதற்கு வேறொன்று. சந்தேகம் வந்தால் எழுதியவரைக் கேட்காமல் அனுப்பக் கூடாது என்பது இந்த வேலையில் இருபது வருடமாக நான் மீறாத விதி. ஆனால் நோயில் கிடக்கும் மனிதரைத் தொலைபேசியில் அழைத்து, நம்பிக்கை போய்விட்டதா என்று எப்படிக் கேட்பது? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

மத்தியானம் அவருடைய மகள் அழைத்தாள். கடிதம் எப்போது போனது என்று கேட்டாள். ஒரு சொல் மட்டும் மிச்சம் என்றேன். பிறகு, அக்காவிடமிருந்து பதில் வந்ததா என்று அப்பா நேற்றும் கேட்டார் என்றாள்.

சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன்.

"அந்த மனுசிக்குச் சொல்லே முக்கியம்? தம்பியின்ரை கடிதம் எண்டு கையிலை கிடைச்சிருந்தாலே காணுமே" என்றாள்.

ஓம், அதுவே போதும்.

இனி அந்த மூன்று சொற்களில் எதைப் போட்டாலும் பிழை என்று சொல்ல அவர் இல்லை.